டிக்கி லாக்கும் அசலும்

பழைய பொருளொன்றில் எவ்வளவு மாற்றினால் அது அதுவாக இல்லாமல் போகிறது என்பதை நாம் தத்துவக் கேள்வியாகவே வைத்துக்கொண்டிருக்கிறோம். தீஸியஸின் கப்பலைப் பற்றி புளூடார்க் எழுதியதும், கழற்றிப்போட்ட பலகைகளைக்கொண்டு இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று ஹாப்ஸ் 1655இல் குடைந்ததும் பலருக்குத் தெரிந்தவை. எனக்கு இது அறக் கேள்வியாகப் படுகிறது. காரணம் அற்பம்: ஒரு டிக்கி லாக்.

நண்பர் ஒருவர் அறுபதுகளின் அம்பாஸடர் ஒன்றை விற்பதற்காகப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். டிக்கி லாக் இற்றுப்போய், நாக்கு கொண்டியில் நிற்கவில்லை. புதுப்பேட்டையில் பிற்கால மாடலுக்கான புது லாக் கிடைத்தது. உத்தரபாராவில் 2014இல் உற்பத்தி நிற்கும்வரை உருவம் அதிகம் மாறாமல் வந்த வண்டிதான். ஆனாலும் துளைகள் ஒரு நூல் தள்ளியிருந்தன. தகட்டின் துளையை அரத்தால் ராவலாம். பழைய தகடு போயிற்று. லாக்கின் காதை ராவினால் புதுசு கெடும், பழசு தப்பும். மெக்கானிக் இரண்டாவதைச் செய்தார். நம் பதிப்பாசிரியர்கள் பலரிடம் காணாத விவேகம் இது. போல்ட்டுகளை முழுக்க முடுக்காமல் விட்டு, மூடியை மெல்ல இறக்கி, நாக்கு விழும் இடம் பார்த்துக் கொண்டியை நகர்த்தினார். புது ரப்பர் பீடிங் தடித்து மூடியை எம்பவைக்கும். அது அமுங்கியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பிறகு அவரே சொன்னார்: "உப்பும் வினிகரும் போட்டு ஊறவெச்சா துரு ஏறிடும் சார். பழசாவே தெரியும். உள்பக்கம்தானே, யார் பாக்கப் போறா?"

1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. 1929, 1930 லெ மான் பந்தயங்களை வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி கார். விலை 1 கோடி பவுண்ட். முதல் பந்தயத்தில் ஓடிய உறுப்புகள் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை, எனவே இது அந்தக் காரே அல்ல என்றது வாங்கிய தரப்பு. வரலாறு இடையில் அறுபடாமல் தொடர்ந்திருப்பதால் இது அதுதான் என்றார் நீதிபதி. சரியான தீர்ப்பென்றே எண்ணுகிறேன். கிழிந்த ரூபாய் நோட்டென்றால் கவுண்டரில் மிஞ்சிய பரப்பை அளந்து மதிப்பைச் சொல்லிவிடுவேன். காருக்கு அப்படிப்பட்ட அளவு இல்லை. 50 வருஷம் கடந்த வண்டிகளுக்கான நம் 2021ஆம் வருஷ விதியும் சேஸிஸ், பாடி, எஞ்சின் மாற்றப்பட்டதா என்றுதான் கவலைப்படுகிறது. லாக்கைக் கேட்பாரில்லை.

ஆனால், ஒரு பொருளின் அசல்தன்மை அதன் தொடர்ந்த வரலாறுதான் என்றால், புது லாக்கும் அந்த வரலாற்றைச் சேர்ந்தது. அதை மாட்டுவதில் பொய் இல்லை. துரு ஏற்றும்போதுதான் வரலாற்றில் ஒரு பக்கம் கிழிக்கப்படுகிறது. எந்தத் தீர்ப்பின் பலத்தில் வண்டி அசலென்கிறோமோ அந்தப் பலத்தையே அரிக்கிற காரியம். நிஜமாகவே அரிக்கவும் செய்யும்; இடுக்கில் தங்கிய உப்பு அடுத்த தகட்டைத் தின்னும்.

1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா., கிடைக்காத 267, 268ஆம் பாட்டுகளின் இடத்தைக் காலியாக விட்டார். அவருடைய புலமைக்கு அவற்றை இட்டுநிரப்புவது பெரிய காரியமில்லை; கண்டுபிடித்திருக்கவும் மாட்டோம். புத்தகம் வெற்றிடத்தைத் தாங்கும். டிக்கி தாங்காது, ரோட்டில் திறந்துகொள்ளும். எனவே நிரப்பத்தான் வேண்டும். நினைவுச் சின்னங்களைப் பற்றிய 1964 வெனிஸ் சாசனம், புதிய உறுப்பு முழுமையோடு இசைய வேண்டும், பழசிலிருந்து வேறாகவும் தெரிய வேண்டும் என்கிறது. காருக்கும் இது ஆகாதா?

பார்க்கப் போகிறவன் ஒருவன் உண்டு: நாற்பது வருஷம் கழித்து இந்த மூடியைத் திறக்கும் மெக்கானிக். எது எப்போது மாற்றியது என்று துருவை வைத்துத்தான் அவன் கணக்குப் போடுவான்.

லாக்கின் உள்பக்கம் வருஷத்தைக் குத்திவிடச் சொன்னேன். நண்பருக்கு இஷ்டமில்லை. வாங்குகிறவர் கேட்டால் சொல்லிவிடுகிறேன் என்கிறார். துருவேறிய லாக்கைப் பார்த்து யார் கேட்பார்கள்?