யார் விசிறுவது?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்குப் பிறகு அப்பாவுக்கு இரவில் உடம்பு கொதிக்கத் தொடங்கியது. மார்கழிப் பனியிலும் பனியன் நனைந்துவிடும். விளாங்குடி வீட்டில் மின்விசிறிக் காற்று போதாமல் அம்மா பனையோலை விசிறியால் வீசுவாள். ஓர் இரவு வீசிக்கொண்டே சொன்னாள்: "எனக்குத் தீட்டு நின்னப்ப இப்படித்தான் நாலு வருசம் கொதிச்சுச்சு. இப்பத் தெரியுதா?" அப்பா பேசவில்லை. அந்த நாலு வருடம் அவளுக்கு யாரும் விசிறவில்லை. நானும்தான்.

இரண்டு கொதிப்புக்கும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான். அவளுக்கு ஈஸ்ட்ரோஜன் தானாகக் குறைந்தது. அவருக்கு டெஸ்டோஸ்டிரோனை மருந்து கொண்டு நிறுத்தினார்கள். புராஸ்டேட் புற்று அந்தச் சுரப்பைத் தின்றே வளர்கிறது என்பதை 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார்; விதைகளை அகற்றியபோது பரவிய நோயும் தணிந்தது. அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார். இன்று கத்திக்குப் பதில் ஊசி. முற்றிய நோயை அது குணமாக்காது, தள்ளிப்போடும். பதிலுக்கு மார்பு பருக்கலாம், தசை கரையும், ஆசை அடங்கும்.

சாவைவிட இதுதான் அப்பாவை வாட்டியது. "பொம்பளையாயிட்டேன்" என்றார். "ஆனா என்ன? நாங்க உசுரோட இல்லையா?" என்றாள் அம்மா. ஆண்மை என்று ஒரு வாழ்நாள் முழுக்க அதட்டிக்கொண்டிருந்தது ஓர் ஊசியில் அடங்கக்கூடியது என்பது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

பிறகு ஊசியும் பலிக்காமல் போனது. நோய் முதுகெலும்பில் இறங்கியது. கீமோ கொடுத்துப் பார்க்கலாமா என்று பேச மருத்துவர் என் அண்ணன்களை மட்டும் உள்ளே அழைத்தார். அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று முடிவானது. அம்மா வெளியே பெஞ்சில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். எந்த நேரம் வலி ஏறும், எத்தனை கரண்டி கஞ்சி இறங்கும், எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவார் என்பதெல்லாம் அவளுக்கு மட்டுமே தெரியும். சொல்லாமலே தெரிந்துகொண்ட அப்பா என்னிடம் சொன்னார்: "போதும்த்தா. வீட்டுக்குப் போவோம்."

'போதும்' என்று சொல்லும் உரிமை யாருடையது?

மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் அங்கேயே பாலியல் தாக்குதலுக்கு ஆளாகி, நினைவு திரும்பாமல் 42 ஆண்டுகள் கிடந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தலாமா என்ற வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அவர் சார்பாகப் பேசும் தகுதி அவரைப் பராமரித்த மருத்துவமனை ஊழியருக்கே உண்டு என்றது. செவிலியர்கள் விடமாட்டோம் என்றார்கள். 2015இல் நிமோனியாவில் அவர் இறக்கும்வரை பார்த்துக்கொண்டார்கள். பராமரிப்பவருக்குக் குரல் உண்டு என்று ஒரு நீதிமன்றம் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் பராமரிப்பது அந்த உடம்பைச் சொந்தமாக்கிக்கொள்வதாகாது. 2018 மார்ச் 9 அன்று அதே நீதிமன்றம், கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. மீள முடியாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை நினைவோடு இருக்கும்போதே எழுதிவைக்கலாம் என்றது. 2023 முதல் இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன் கையெழுத்திட்டால் போதும்.

உடம்பு யாருடையதோ அவர் சொல்வதே முடிவு. அது எனக்குத் தெளிவு. ஆனால் அந்த முடிவைச் சுமந்து நடத்துபவளிடம் ஏன் ஒரு வார்த்தை கேட்பதில்லை? அவள் செய்வதை அன்பு என்கிறோம், கடமை என்கிறோம். அறிவு என்று மட்டும் சொல்வதில்லை. இயல்பாக வருவதை யாரும் கலந்தாலோசிக்க மாட்டார்கள், பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, மக்களைத் தேடி மருத்துவத்திலிருந்து வந்த செவிலியர்தான் முதன்முதலாக அம்மாவிடம் கேட்டார்: "ராத்திரி எத்தனை மணிக்கும்மா வலி வருது?" அம்மா சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். மார்ஃபின் மாத்திரையை வலி வரும்வரை காத்திருந்து கொடுக்கக் கூடாது, நாலு மணிக்கொரு தரம் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அப்பாவின் கடைசி ஐந்து வாரங்களும் அந்த இரண்டு பெண்களின் கணக்கில்தான் நடந்தன. அலறாமல் போனார்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அம்மா கேட்டாள்: "அந்த நோட்டரிப் பத்திரம் எனக்கும் எழுதிரு. குழாயெல்லாம் வேணாம்னு போடு. அப்புறம், யாரு விசிறுறதுன்னும் ஒரு வரி போடு."

அந்த வரிக்குச் சட்டத்தில் இடமில்லை. அண்ணன்களிடம் கேட்டிருக்கிறேன்.