வழுவியவனின் கதி

பெங்களூரின் பிரேசர் டவுனுக்கு இன்று புலிகேசி நகர் என்று பெயர். 1898-ஆம் ஆண்டில் நகரைப் பிளேக் நோய் வாட்டியபின், மக்கள் நெரிசலின்றி நல்ல காற்றோட்டத்தோடு வாழ வேண்டும் என்று அமைக்கப்பட்ட பகுதி அது. தூய காற்றை நாடி உருவான அவ்விடத்தின் அருகிலேயே சிகரெட் தொழிற்சாலை ஒன்றும் நெடுங்காலம் இயங்கியது. காலத்தின் விளையாட்டுதான்!

தொழிற்சாலை இடம் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. மாலையில் மாஸ்க் ரோட்டுத் தேநீர்க் கடைகளின் பக்கம் சென்றால் காணலாம். ஒரு கையில் டீ வந்ததும் மற்றொரு கை தானாகவே சட்டைப் பையைத் துழாவுகிறது. அங்கே கட்டளையிடுவது அறிவன்று. அந்த இடமும் அந்த வேளையும்தான். இதனையே நம் முன்னோர் சம்ஸ்காரம் என்றனர்.

நிகோடின் சில வினாடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. அதை நிறுத்தினால் எரிச்சலும் உறக்கமின்மையும் தோன்றுகின்றன. முதல் வாரமே கடுமையானது. பெரும்பாலோர்க்கு நான்கு வாரங்களுக்குள் தணிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை எழும் வேட்கையோ சில நிமிடங்களே நீடிப்பது. அந்நிமிடங்களில் தண்ணீர் அருந்தலாம், சிறிது நடக்கலாம், நாமஜபம் செய்யலாம். தீய எண்ணம் எழும்போது அதற்கு எதிரானதை நினைக்குமாறு பதஞ்சலி முனிவர் கூறிய பிரதிபட்ச பாவனை இங்கே அப்படியே பொருந்துகிறது.

உதவி நாடுவதை மனவலிமைக் குறைவாக எண்ணுவோர் உண்டு. அது வீண் கர்வம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2018-இல் தொடங்கிய தொலைபேசி ஆலோசனை மையம் தமிழிலும் வழிகாட்டுகிறது. கட்டணமில்லா எண் 1800-112-356; சிகரெட் பெட்டியின் மீதே அச்சிடப்பட்டிருக்கிறது. நிகோடின் சூயிங்கம் போன்றவற்றை மருத்துவரின் ஆலோசனையுடன் பயன்படுத்தலாம்.

பத்து நாட்கள் விட்டிருந்து, பதினோராம் நாள் நண்பர் நீட்டியதை வாங்கிவிட்டவர் என்ன செய்வார்? 'என்னால் ஆகாது' என்று பெட்டியையே வாங்கிவிடுவார். ஒரு சிகரெட்டைவிட இந்த அவநம்பிக்கையே அதிகம் கெடுக்கிறது. வெற்றி கண்டவர்களுள் பலர் பலமுறை வழுக்கியவர்களே. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், யோகத்திலிருந்து வழுவியவனின் கதி என்ன என்று அர்ஜுனன் கவலையோடு வினவுகிறான். அவனுக்கு அழிவில்லை என்று பகவான் உறுதி தருகிறார்.

ஆகவே வழுக்கியவர் தம்மைத் திட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. எந்தக் கடை, எந்த நண்பர், எந்த வேளை என்று ஆராய்ந்தால் போதும். பன்னிரண்டாம் நாள் மாலை டீயை வீட்டிலேயே, மனைவி மக்களுடன் அமர்ந்து பருகலாம்.