சிபாரிசும் சாட்சியும்

சிபாரிசு என்றாலே முகம் சுளிக்கிறோம். காரணம் உண்டு. 1970ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத்துக்கு மட்டும் 75 மதிப்பெண்கள் இருந்தன. பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வு முறையைக் குறை கண்டது. இன்று இங்கே நீட் மதிப்பெண்ணே பேசுகிறது. அமெரிக்க ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளோ பரிந்துரைக் கடிதமும் கேட்கின்றன.

அங்கே படிக்கும் பூந்தமல்லிப் பெண் ஒருத்தி என்னிடம் கடிதம் கேட்டாள். "கருணை மிக்கவள்" என்று எழுதினால் அது சிபாரிசு. "பாட்டியின் கால் புண்ணைத் தினமும் கழுவிக் கட்டினாள், பார்த்தேன்" என்று எழுதினால் அது சாட்சி. முன்னதை யாரும் எழுதலாம். பின்னதைக் கண்டவன்தான் எழுத முடியும். கடிதத்தைப் படிப்பது கல்லூரி. அதன் பலனை அனுபவிப்பவனோ நாளை அவளிடம் கை நீட்டப்போகும் முகமறியா நோயாளி. அவனிடம் பொய் சொல்ல எனக்கு என்ன உரிமை?