இறையியலுக்கு எவ்வளவு கட்டணம்?

1179இல் ரோமில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் மூன்றாம் லாத்தரன் சங்கம் கல்வி குறித்தும் ஒரு விதி செய்தது. ஒவ்வொரு பேராலயமும் ஓர் ஆசிரியரை அமர்த்தி, அவர் பிழைப்புக்கு மானியம் ஒதுக்க வேண்டும். அவர் ஆலயக் குருக்களுக்கும் ஏழை மாணவர்களுக்கும் காசு வாங்காமல் கற்பிக்க வேண்டும். அறிவு கடவுள் கொடுத்தது, அதை விற்க மனிதனுக்கு உரிமையில்லை என்பது அக்காலச் சட்ட அறிஞர்களின் வாதம். சரி, வாத்தியாருக்கும் வயிறு இருக்கிறதே?

யூத ரபிகள் இதற்குச் சாமர்த்தியமான வழி கண்டார்கள். தங்கள் வேதமான தோராவைச் சொல்லித்தரக் கூலி வாங்கக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் வேறு வேலை பார்க்க முடியாமல் போகிறதல்லவா, அதற்கு ஈடு வாங்கலாம். கூலிக்கு வேதம் ஓதுவிப்பவனை மனுஸ்மிருதியும் பழிக்கிறது. படிப்பு முடிந்தபின் தரும் தட்சிணைக்கு அங்கே தடையில்லை.

இன்றைய பல்கலைக்கழகங்களுக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. இங்கிலாந்தில் இளநிலைப் படிப்பின் ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 2012இல் ஏறத்தாழ மூன்று மடங்காகி 9,000 பவுண்டைத் தொட்டது, 2017இல் 9,250. அப்போது டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் இறையியலானாலும் பொறியியலானாலும் அதே தொகைதான் இருந்தது, மூன்றாண்டுக்கு 27,750 பவுண்டு. ஜெர்மனியின் டூபிங்கனில் உள்நாட்டு மாணவர் இறையியலுக்குக் கல்விக் கட்டணமே கட்டுவதில்லை. பருவத்துக்கு ஒரு சிறு நிர்வாகத் தொகை, அவ்வளவுதான். சென்னையிலிருந்து போகிறவரிடம் மட்டும் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ கேட்கிறார்கள்.

பிரிட்டனில் விளைவு சீக்கிரமே தெரிந்தது. இறையியலும் சமயவியலும் படிப்போர் 2017-18இல், ஆறாண்டுக்கு முன்பிருந்ததைவிடச் சுமார் 6,500 பேர் குறைந்திருந்ததாக பிரிட்டிஷ் அகாதமியின் 2019ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. தொகையின் கனம் மட்டும் காரணமாகத் தோன்றவில்லை. அதைக் கடனாகப் பெறலாம், சம்பளம் ஓர் அளவைத் தாண்டிய பிறகே திருப்பிக் கட்ட வேண்டும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: எல்லாப் படிப்புக்கும் ஒரே விலை வைத்தால் பதினெட்டு வயதுப் பிள்ளை, 'எதில் போட்ட பணம் திரும்பும்?' என்றுதான் கேட்கும். இறையியலாளர் அகஸ்டினைப் படிப்பதன் வரவை அந்தக் கணக்கில் எங்கே எழுதுவது?

லண்டனின் ஹீத்ரோப் கல்லூரியின் கதை இன்னும் கசப்பானது. தாய்நாட்டில் கத்தோலிக்கக் கல்விக்குத் தடை இருந்ததால், ஆங்கிலேய இயேசு சபையினர் 1614இல் இன்றைய பெல்ஜியத்தின் லூவேனில் தொடங்கிய நிறுவனம் அது. நாடுகடந்த வாழ்வையும் பிரெஞ்சுப் புரட்சியையும் தாண்டி வந்தது. செலவு ஏறி மாணவர் சேர்க்கை சரிந்ததைத் தாங்க முடியாமல் 2019 தொடக்கத்தில் மூடப்பட்டது.

அப்படியானால் டூபிங்கன் வழியே மேல் என்று முடிக்கத் தோன்றும். அங்கும் ஒரு விலை உண்டு, கட்டணப் பட்டியலில் அது இராது. ஜெர்மானிய அரசு இறையியல் பேராசிரியருக்குச் சம்பளம் தருகிறது. கத்தோலிக்க இறையியலைக் கற்பிக்கும் அனுமதியோ திருச்சபையின் கையில். போதனையில் போப்பாண்டவர் தவறமாட்டார் என்னும் கோட்பாட்டைக் கேள்விக்குள்ளாக்கிய டூபிங்கன் பேராசிரியர் ஹான்ஸ் குங்கிடமிருந்து வத்திக்கான் 1979இல் அந்த அனுமதியைப் பறித்தது. அவரால் கத்தோலிக்கத் துறையில் நீடிக்க முடியவில்லை. ஆனால் அரசுப் பேராசிரியர் பதவியை ரோம் தொட முடியாதே! 1996இல் ஓய்வு பெறும் வரை, துறைக்கு வெளியே அதே பல்கலைக்கழகத்தில் அவர் பாடம் நடத்தினார்.