புழல் எவ்வளவு தூரம்?

சிறையை மாமியார் வீடு என்று கேலி பேசுவது பழக்கம். களி தின்பது, கம்பி எண்ணுவது என்று வேறு பெயர்களும் உண்டு. எல்லாம் உள்ளே இருப்பவரைப் பற்றியவை. பார்க்கப் போகிறவருக்குக் கிடைத்திருப்பது ஒரே சொல்: மனு. மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு தாய், விசாரணைக் கைதியாக இருக்கும் மகனுக்கு மனு பார்க்கப் போகும் நாளில், உடம்பு சரியில்லை என்றுதான் லீவு கேட்பாள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். அன்றைய கூலி கிடையாது. புழல் சிறைக்குச் சுமார் இருபது கிலோமீட்டர் பயணம், பஸ் மாறி பஸ். அங்கே வரிசை. பிறகு சில நிமிடப் பேச்சு.

இந்தத் தூரம் முன்பு இருந்ததில்லை. 1837 முதல் சென்னையின் மத்திய சிறை நகரின் நடுவில், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் பொது மருத்துவமனைக்கும் அருகில் இருந்தது. உயர் நீதிமன்றம் கூப்பிடு தூரம். 2006இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009இல் பழைய கட்டடத்தை இடிக்குமுன் சில நாள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டபோது, கொட்டடிகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. ஆளில்லாத சிறையைப் பார்ப்பதில் யாருக்கும் கூச்சமில்லை. இன்று அந்த நிலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியின் புதிய கட்டடம் நிற்கிறது.

இடமாற்றத்துக்குச் சொல்லப்படும் நியாயங்களை லேசில் தள்ள முடியாது. நெரிசலும் புழுக்கமுமாகக் கிடந்த பழைய சிறையோடு ஒப்பிட்டால், புழல் வளாகம் 200 ஏக்கருக்கும் மேல். தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என மூன்று சிறைகள். காற்றும் வெளிச்சமும் கைதிக்கும் உரிமைதான். விட்டுவந்த நிலமும் வீணாகவில்லை, மருத்துவம் படிப்பவர்களுக்குப் பயன்பட்டது. ஊர் நடுவில் இருந்ததாலேயே பழைய சிறையில் நியாயம் தழைத்துவிடவும் இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், மிசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்ட கைதிகள் அடிபட்டது அங்கேதான். அப்படி அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு பிறகு இறந்துபோனார். நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்ததும் அந்தச் சிறையில் நடந்த இந்தக் கொடுமைகளைத்தான். மதிலுக்கு வெளியே ரயில் பிடிக்க ஓடிய ஜனங்களுக்கு அடிபட்டவர்களின் சத்தம் கேட்கவில்லை.

ஆகவே, பக்கத்தில் இருந்தால் நல்ல சிறை, தள்ளி இருந்தால் கெட்ட சிறை என்று கோடு கிழிக்க முடியாது. கேள்வி வேறு. சிறைக்கு இடம் தேடும்போது யாருடைய வசதி கணக்கில் வருகிறது?

அடையாற்றிலோ தி.நகரிலோ ஒரு சிறை வரப்போகிறது என்று பேச்சுக்குச் சொல்லிப் பாருங்கள். நிலத்தின் விலையைச் சொல்வார்கள், குழந்தைகளின் பாதுகாப்பைச் சொல்வார்கள், மறுவாரமே வழக்குப் போடுவார்கள். புழலிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். தென்சென்னைக்காரருக்குப் புழல் என்றால் இரண்டே நினைவு, ஒன்று ஏரி, இன்னொன்று ஜெயில். ஒன்றிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வருகிறது, மற்றதற்கு நகரத்திலிருந்து ஆட்கள் போகிறார்கள்.

போகிறவர்கள் யார்? 2022ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். தண்டனை பெற்றவர் தூரத்தில் இருப்பதற்காவது ஒரு சமாதானம் சொல்லலாம், அதுவும் அரைகுறைச் சமாதானம்தான். வாய்தாவுக்கு வாய்தா காத்திருப்பவரைக் குடும்பத்திடமிருந்தும் வக்கீலிடமிருந்தும் தள்ளி வைப்பது, தீர்ப்பில்லாமல் விதித்த தண்டனை. வழிக்காவலுக்குப் போலீஸ் கிடைக்காத நாளில் திரையில் முகம் காட்டி ரிமாண்டை நீட்டிக்கலாம். ஆனால் காயம்பட்ட உடம்பை நீதிபதி நேரில் பார்ப்பதும் திரையில் பார்ப்பதும் ஒன்றல்ல.

அதனால் விசாரணைக் கைதிகளுக்கான இடம் பெரிய வளாகத்தின் ஒரு மூலையாக இருக்கக் கூடாது. நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், சிறியதாக இருக்க வேண்டும். நீதிமன்றங்கள் உள்ள சைதாப்பேட்டையில் கிளைச் சிறை இருந்துவந்ததற்குப் பின்னால் உள்ள எளிய தர்க்கம் அதுதான்.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, வலுவானது. சிறை கட்டினால் நிரம்பும். பக்கத்தில் கட்டினால் இன்னும் சீக்கிரம் நிரம்பும். ஆகவே முதலில் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, ஆயுளோ மரணமோ விதிக்கத்தக்க குற்றங்கள் போன்ற விலக்குகள் நீங்கலாக, முதல்முறை சிக்கியவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விடுவிக்க வழி செய்கிறது. அப்படி வெளியே வர வேண்டியவர்களை விட்டுவிட்டு எண்ணினால் எத்தனை கொட்டடி தேவை? வரைபடம் போடுமுன் இந்தக் கணக்கைப் போட வேண்டும். வழக்கத்தில் கட்டட ஒப்பந்தம் முந்திக்கொள்கிறது.

வரைபடத்திலும் மதில், கண்காணிப்புக் கோபுரம், சமையற்கூடம் எல்லாம் முதலில் வந்துவிடும். மனு பார்க்க வருபவர் உட்கார நிழல், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மறைவு, கழிப்பறை, வாசல் வரை வரும் பஸ் ஆகியவை இடம் மிஞ்சினால் பார்க்கலாம் என்ற பட்டியலில் நிற்கும். உள்ளே இருப்பவர் இன்று இருக்கிறாரா, கோர்ட்டுக்குப் போயிருக்கிறாரா என்று கிளம்புமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு தொலைபேசி எண் வைக்கப் பெரிய செலவில்லை. ஆனால் அது கட்டடக் கலையாகக் கருதப்படுவதில்லை. மயிலாப்பூரிலிருந்து விடியற்காலை கிளம்பிய அந்தத் தாய் புழல் வரிசையில் தன் முறை வரும்போது கேட்கக்கூடிய பதில், ‘வாய்தாவுக்குப் போயிட்டான்மா, சைதாப்பேட்டைக்கு.’