அபு மலைக் குரங்குகளும் அறத்தின் வேரும்

குரங்குகளும் வாலில்லாக் குரங்குகளும் மனிதரும் அடங்கிய பாலூட்டி வரிசையான முதனிகளின் வாழ்விலிருந்து அறத்தைக் கற்க முடியுமா என்னும் பழைய கேள்வியை, மானிடவியலாளர் சாரா பிளாஃபர் ஹர்டியின் ஆய்வுகள் கூர்மையாக்கின. 1971இல் ராஜஸ்தானின் அபு மலையில் அனுமன் லங்கூர் குரங்குகளை ஆராயத் தொடங்கிய அவர், வெளியிலிருந்து வந்து கூட்டத்தைக் கைப்பற்றும் ஆண், அங்குள்ள பால்குடிக் குட்டிகளைக் கொல்வது நெரிசலால் விளைந்த பிறழ்வன்று என்றும், பாலூட்டல் நின்ற தாய் விரைவில் மீண்டும் கருவுறுவதால் அது அந்த ஆணின் சந்ததி பெருக உதவும் உத்தி என்றும் 1977இல் வெளியான நூலில் வாதிட்டார். அதே கூட்டங்களில் பச்சிளங்குட்டி ஒரு பெண் குரங்கின் மடியிலிருந்து இன்னொன்றின் மடிக்கு மாறுவதையும், முதிய பெண் குரங்குகள் தாக்கும் ஆணின் மீது பாய்ந்து குட்டியைக் காக்க முனைவதையும் அவர் பதிவு செய்தார். பெற்றவள் மட்டுமன்றிப் பிறரும் சேர்ந்து குழந்தையைப் பேணிய கூட்டு வளர்ப்பே பிறர் மனத்தை உணரும் மனித ஆற்றலுக்கு வித்திட்டது என்பது அவருடைய 2009ஆம் ஆண்டு நூலின் மையக் கருத்து.

கொலையும் காப்பும் ஒரே இயற்கையில் வேரூன்றியிருப்பதால், இயல்பானது என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. எதைப் பேணி வளர்ப்பது என்று தேர்ந்து அதற்குப் பொறுப்பேற்பதே அறம், அந்தப் பொறுப்பை இயற்கையின் மேல் சுமத்த மனிதருக்கு உரிமையில்லை.