அந்த ஒரு கட்டத்தை நீங்கள் மாற்றுங்கள்

"மாசம் எவ்வளவு வரும் சார்?"

கடன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் நம் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி இதுதான். பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் இதுதான். மதுரை காளவாசல் சிக்னலிலிருந்து பைபாஸ் ரோட்டில் ஒரு நடை போய்ப் பாருங்கள். வண்டி ஷோரூம், நகைக்கடன், வீட்டுக்கடன் என்று எத்தனை பலகைகள்! ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நானும் கேட்டேன். அப்போது எனக்கு வயது இருபத்து நாலு. புது பைக்குக்கு 80,000 ரூபாய் கடன். "பன்னெண்டு பர்சென்ட் ஃபிளாட்தான் தம்பி. மாசம் மூவாயிரத்துச் சொச்சம், மூணு வருஷம்." சொச்சத்தைக்கூடக் கேட்காமல், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். பல வருடம் கழித்து, கம்ப்யூட்டரில் எக்செல் கற்றுக்கொண்ட புதிதில், அந்தக் கடனை விளையாட்டாகக் கட்டங்களில் அடித்துப் பார்த்தேன். தொகை 80,000. மாதம் 36. தவணை 3,022. இவற்றுக்கு உண்மையான வட்டி என்ன என்று 'ரேட்' சூத்திரத்திடம் கேட்டேன். ஆண்டுக்கு 21.2 சதவீதம் என்று வந்தது!

நம்ப முடியாமல் திரும்ப அடித்தேன். அதே எண். பிறகுதான் உறைத்தது. ஃபிளாட் வட்டி என்றால் கடைசி மாதம் வரை முழு 80,000-க்கும் வட்டி. கடைசித் தவணைக்கு முன் நான் பாக்கி வைத்திருந்தது மூவாயிரத்துக்கும் குறைவு. ஆனாலும் எண்பதாயிரத்துக்கு உரிய வட்டியைக் கட்டியிருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியபடிதான் நடந்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்கத் தெரியாமல் போனதற்கு நான் கொடுத்த விலை அது. அன்றைக்கு எனக்குள் மூண்ட கோபம் இன்னும் அணையவில்லை. அதை உங்களுக்குள்ளும் மூட்டத்தான் இதை எழுதுகிறேன்.

"எனக்குக் கணக்கு வராதுங்க" என்று சொல்லாதீர்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. அதை நொடியில் மனக்கணக்காகப் போட்டுச் சில்லறை எண்ணிக் கொடுக்கிற ஊர் இது. மதுரையில் வேர்விட்ட களஞ்சியம் சுயஉதவிக் குழுக்களில், பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத அக்காமார்கள் வட்டமாக உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு கடன், என்ன வட்டி, எத்தனை தவணை என்று அவர்களே தீர்மானிக்கிறார்கள். கணக்கு உங்கள் ரத்தத்தில் ஓடுகிறது. வராதது கணக்கு அல்ல, துணிச்சல்!

அந்தத் துணிச்சலுக்கு ஒரு கருவி இருக்கிறது. 1978-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்ளின் என்ற மாணவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். கரும்பலகை முழுக்கக் கணக்கு. ஒரு எண் மாறினால் அதைத் தொடர்ந்து வரும் அத்தனையையும் அழித்து எழுத வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றவை தானே மாறக்கூடாதா என்று யோசித்தார். நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டனோடு சேர்ந்து 1979-ல் விசிகால்க்கைக் கொண்டுவந்தார். இன்றைய எக்செலுக்கு அதுதான் முன்னோடி. அந்த மாணவர் உலகத்துக்குக் கொடுத்தது ஒரு கேள்வி கேட்கும் உரிமை: "இப்படி ஆனால் என்ன ஆகும்?" அந்த உரிமை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு மட்டும் எழுதி வைத்ததா?

எக்செலைத் திறங்கள். காசு கொடுக்காமல் வேண்டுமென்றால் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. முதல் கட்டத்தில் கடன் தொகை 25,00,000. அடுத்ததில் வட்டி 8.5 சதவீதம். அதற்கடுத்து 20 வருடம். நாலாவது கட்டத்தில் 'பிஎம்டி' சூத்திரம். வட்டியைப் பன்னிரண்டால் வகுத்து, வருடத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, கடன் தொகையைக் கழித்தல் குறியோடு கொடுத்தால் தவணை 21,696 என்று வரும். இதைத்தான் அந்த மேசையில் ஏதோ தேவரகசியம் போலச் சொல்கிறார்கள்.

இப்போது 20-ஐ அழித்து 15 என்று அடியுங்கள். தவணை 24,618. மாதம் 2,900 ரூபாய் சொச்சம் கூடுகிறது. மொத்த வட்டியைப் பாருங்கள். 27 லட்சத்துக்கு மேல் இருந்தது 19 லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்குகிறது. ஏழே முக்கால் லட்சம்! ஒரே ஒரு கட்டத்தில் உங்கள் விரல் பட்டதற்கு இவ்வளவு. பத்து, பதினைந்து, இருபது வருடம், எட்டு முதல் ஒன்பதரை சதவீதம் வரை எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்க 'டேட்டா டேபிள்' இருக்கிறது.

ஆனால் நான் உயிராக நினைப்பது 'கோல் சீக்'. எக்செலின் டேட்டா மெனுவில் வாட்-இஃப் அனாலிசிஸ் என்பதற்குள் இருக்கும். அது கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் போடும். "மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்டவன் இனி, "என்னால் மாசம் 18,000-தான் முடியும். அதற்கு நான் எவ்வளவு கடன் வாங்கலாம்?" என்று கேட்கலாம். வருடத்தை மறுபடி 20 ஆக்கிவிட்டு, தவணைக் கட்டம் 18,000 ஆகவேண்டும், தொகைக் கட்டத்தை மாற்று என்று சொன்னால் போதும். 20 லட்சத்து 74 ஆயிரம் என்று பதில் வரும். இது வெறும் எண் மாற்றம் இல்லை. கடன் கொடுப்பவர் வரைந்த கோட்டுக்குள் உங்கள் வாழ்க்கையைச் சுருக்குவது போய், உங்கள் வாழ்க்கை வரைந்த கோட்டுக்குள் கடன் வந்து நிற்கிறது!

தண்டலையும் விட்டுவைக்காதீர்கள். கடனாகப் பத்தாயிரம் என்பார்கள். ஆயிரத்தை முன்னாலேயே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் தருவார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். "பத்து பர்சென்ட்தானே" என்று தள்ளுவண்டி அண்ணன் நினைக்கிறார். 'ரேட்' சூத்திரத்தில் 100 நாள், கழித்தல் குறியோடு 100 ரூபாய், 9,000 என்று கொடுங்கள். ஒரு நாள் வட்டியை 365-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 77 சதவீதத்துக்கு மேல் வருகிறது. அந்த அண்ணன் வெயிலில் நின்று விற்ற பழத்தின் சாறு எங்கே போகிறது என்று அந்த ஒரு எண் சொல்லிவிடும்.

கடன் வாங்கியாகிவிட்டதா? அப்போதும் தாளை மடித்துப் பீரோவில் வைக்காதீர்கள். 2021-ல் 6.75 சதவீதத்தில் மாறும் வட்டிக்கு 25 லட்சம், 20 வருடத்துக்கு வாங்கியவரின் தவணை 19,009. மாறும் வட்டியை ஏற்றி இறக்கும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2022 மே மாதம் ஏறத் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் 4-லிருந்து 6.5 சதவீதம் ஆனது. அந்தக் கடன் 9.25-க்கு ஏறினால் 25 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 19,271. கொஞ்சம் அசல் கட்டியிருந்தாலும் கிட்டத்தட்ட முழுத் தவணையும் வட்டிக்கே போய்விடும்! தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனால், ஓய்வு பெற்ற பிறகும் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்கே தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. வாய்ப்பு வந்துவிட்டது. தேர்ந்தெடுக்க எண் வேண்டாமா?

வருமானம் ஒரே சீராக வராதவர்கள்தான் நம்மில் அதிகம். பூ வியாபாரிக்கு முகூர்த்த மாதம் ஒரு கணக்கு, ஆடி மாதம் வேறு கணக்கு. 'சினாரியோ மேனேஜர்' அதற்குத்தான். நல்ல மாதம், சுமார் மாதம், ஆடி மாதம் என்று மூன்று பெயர் வைத்து வருமானத்தைச் சேமித்துவிடுங்கள். ஆடி மாதத்தை அழுத்தும்போது தவணை போக மீதி கழித்தலில் போனால், அந்தக் கடன் உங்களுக்கு ஆகாது. எந்த ஏஜென்ட் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் ஆகாது!

காளவாசல் என்றால் செங்கல் சூளை. பச்சை மண்ணில் சுவர் எழுப்பினால் முதல் மழைக்குத் தாங்காது. வாங்கப்போகும் கடனையும் கையெழுத்துக்கு முன்னால் இந்த எக்செல் சூளையில் போட்டு வாட்டுங்கள். வட்டி இரண்டு சதவீதம் ஏறட்டும். மூன்று மாதம் வேலை இல்லாமல் போகட்டும். திரையில் உடைந்தால் உடையட்டும், அங்கே உடைவதில் ஒரு பைசா நஷ்டம் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு தங்கை நர்ஸாக வேலை பார்க்கிறாள். பொன்மேனிப் பக்கம் சின்ன வீடு வாங்க 25 லட்சம் கடன் கேட்டுப் போனாள். முந்தின நாள் ராத்திரி எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவளே எண்களை அடித்துப் பார்த்திருந்தாள். துணைக்கு என்னையும் கூட்டிப்போனாள்.

"இருபது வருஷம் போட்டுரலாம்மா. இருபத்தொன்னாயிரத்து எழுநூறுதான் வரும்" என்றார் அதிகாரி.

"சார், நான் மாசம் இருபத்தஞ்சாயிரம் கட்டுறேன். 175 மாசத்துல முடிஞ்சிரும். கையில காசு சேர்ந்தா நடுவுல மொத்தமாவும் கட்டுவேன். மாறும் வட்டிங்கிறதால அதுக்கு அபராதம் கிடையாது, 2012-லயே ரிசர்வ் வங்கி சொல்லிருச்சு. பதினாலு வருஷம் ஏழு மாசத்துக்கு மேல நான் எதுக்கு சார் கட்டணும்?"

அவர் அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அதுவரை தன் பக்கமே பார்த்திருந்த மானிட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.